வளைந்த விளிம்புக்கு எந்த டூல்பாத்? சிஎன்சி மில்லிங்கில் தேர்வு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கட்டர் ஓட வேண்டிய பாதையை, அதாவது டூல்பாத்தை, உருவாக்கித் தரும் கேம் மென்பொருளைத் திறந்தால் கான்டூர், பாரலல், ஸ்கேலப், ஃப்ளோ, மார்ஃப், பென்சில் என்று பத்துப் பதினைந்து பெயர்கள் வரிசையாக நிற்கும். விளிம்பில் ஒரு ரேடியஸ் போட வேண்டும் என்று வந்தால், பலரும் பாரலலையோ ஸ்கேலப்பையோ சொடுக்கிவிட்டு, ஃபினிஷ் சரியாக வரும்வரை ஸ்டெப் ஓவரை (ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளியை) குறைத்துக்கொண்டே போகிறார்கள். பீஸ் என்னவோ வந்துவிடும். ஆனால் ஒன்றரை நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை எட்டு நிமிடம் ஓடும். அதைவிட முக்கியமான நஷ்டம் வேறு: அளவு கொஞ்சம் விலகினால், மெஷினில் நிற்கிற ஆபரேட்டரால் எதையும் திருத்த முடியாது. புரோகிராமை மறுபடி கேமுக்குத்தான் கொண்டு போக வேண்டும்.

அதனால் நான் ஒரு முறையைப் பிடிவாதமாகப் பின்பற்றச் சொல்வேன். 2டியில் (கட்டர் ஒரே உயரத்தில் சுற்றுவதில்) முடிகிற விளிம்பை 3டிக்கு (பரப்பையே பின்பற்றும் பாதைக்கு) கொண்டு போகாதீர்கள். 3டி தேவைதான் என்றால், விளிம்பின் நீளவாக்கில் ஓடுகிற பாதையை முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பேசுவதற்கு ஒரு பீஸை வைத்துக்கொள்வோம். கோவை, ஓசூர், அம்பத்தூர் பக்கம் எந்த ஜாப் ஒர்க் கடையிலும் பார்க்கக்கூடிய மாதிரியான கவர் பிளேட். 6061 அலுமினியம், 120 × 80 மி.மீ., கனம் 20 மி.மீ. நான்கு மூலைகளிலும் ரேடியஸ் 25. மேல் விளிம்பு முழுவதும் ரேடியஸ் 5. நடுவில் ஒரு பாக்கெட். அதன் மூலைகள் ரேடியஸ் 6, தரையும் சுவரும் சேரும் இடத்தில் ரேடியஸ் 3 ஃபில்லட். மெஷின் சாதாரண மூன்று அச்சு விஎம்சி (செங்குத்து மில்லிங் மெஷின்).

படி 1: வளைவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

"வளைந்த விளிம்பு" என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, மேலிருந்து பார்க்கும்போது மட்டும் தெரிகிற வளைவு. நம் பிளேட்டில் மூலை ரேடியஸ் 25 அப்படிப்பட்டது. சுவர் நேராக நிற்கிறது. எக்ஸும் ஒய்யும் மட்டும் வளைகின்றன. இரண்டாவது, பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் தெரிகிற கால் வட்டம். மேல் விளிம்பின் ரேடியஸ் 5. மூன்றாவது, அதற்கு நேர் எதிரான உள் ஃபில்லட். நான்காவது, விளிம்பே இசட் உயரத்தில் ஏறி இறங்குவது. ஷூ சோல் மோல்டு, பம்ப் இம்பெல்லர் மாதிரியான பீஸ்களில் இதைப் பார்க்கலாம்.

முதல் மூன்றில் விளிம்பு ஒரே உயரத்தில்தான் ஓடுகிறது. அதாவது கட்டர் ஒரு சுற்று சுற்றி வரும்போது இசட் அசைய வேண்டிய அவசியமே இல்லை. நான்காவது மட்டும்தான் இயல்பிலேயே 3டி வேலை. டிராயிங்கைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி இந்த ஒன்றுதான்: விளிம்பின் நீளவாக்கில் போனால் உயரம் மாறுகிறதா?

படி 2: மேலிருந்து தெரிகிற வளைவுக்கு 2டி கான்டூர்

இதில் டூல்பாத் தேர்வுக்கு விவாதமே இல்லை, 2டி கான்டூர்தான். ஆனால் அதற்குள்ளே கவனிக்க வேண்டியவை இருக்கின்றன.

வெளிப்புறத்தைக் கடிகாரச் சுற்றில் ஓட்டுங்கள். எம்03 சுழற்சியில் (ஸ்பின்டில் கடிகாரச் சுற்றில்) ஜி41 (கட்டர் பாதைக்கு இடப்பக்கம்) போட்டால் அது கிளைம்ப் மில்லிங், அதாவது பல் தடித்த சிப்பில் தொடங்கி மெல்லியதில் முடிக்கும் வெட்டு. பாக்கெட்டுக்கு உள்ளே எதிர்ச்சுற்று. கட்டர் காம்பென்சேஷனை (பாதையைக் கட்டர் ஆரத்துக்கு ஒதுக்கும் திருத்தத்தை) கேமில் "வியர்" முறையில் வையுங்கள். பாதையைக் கேமே கட்டர் ஆரத்துக்கு நகர்த்திக் கொடுத்துவிடும்; ஆபரேட்டர் 0.02, 0.03 என்று வியர் (தேய்மானத் திருத்தம்) மட்டும் போட்டு அளவுக்குக் கொண்டுவருவார்.

கட்டர் உள்ளே நுழையும் இடத்தை வளைவின் மேல் வைக்காதீர்கள். நேர்கோட்டின் நடுவில், ஒரு சிறு வில்லாகத் தொட்டு நுழைந்து, முடிவில் 1 அல்லது 2 மி.மீ. மேற்படிந்து வெளியேறட்டும். வளைவின் மேல் நுழைந்த தடம் பாலிஷ் போட்டாலும் வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் ஃபீட், அதாவது கட்டர் நிமிடத்துக்கு எத்தனை மி.மீ. நகர்கிறது என்பது. புரோகிராமில் எழுதுகிற ஃபீட் கட்டரின் மையத்துக்கு உரியது. வளைவில் வெட்டுகிற விளிம்பின் வேகம் அதிலிருந்து மாறிவிடும். வெளி வளைவில் மையம் அதிக தூரம் சுற்றுகிறது, உள் வளைவில் குறைந்த தூரம். உள் வளைவில் மையத்தின் ஃபீட் எவ்வளவு இருக்க வேண்டும் என்றால், வளைவின் ஆரத்திலிருந்து கட்டர் ஆரத்தைக் கழித்து, அதை வளைவின் ஆரத்தால் வகுத்து, நேர்கோட்டு ஃபீடோடு பெருக்க வேண்டும். வெளி வளைவுக்குக் கழிப்பதற்குப் பதில் கூட்டல்.

நம் பாக்கெட் மூலை ரேடியஸ் 6. அதில் 10 மி.மீ. கட்டரை விட்டால் 6இல் 5 போக 1, அதை 6ஆல் வகுத்தால் ஆறில் ஒரு பங்கு. நேர்கோட்டில் 600இல் போகிற கட்டர் மூலையில் 100க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மூலையில் சுமை திடீரென்று ஏறி, கட்டர் வளைந்து, சேட்டர் (அதிர்வு) கோடுகளோடு ஓவர்கட் (அளவைத் தாண்டிய வெட்டு) விழும். அதே இடத்தில் 8 மி.மீ. கட்டர் என்றால் 200 வரை தாங்கும், 6 மி.மீ. என்றால் 300. வெளி மூலை ரேடியஸ் 25இல் 12 மி.மீ. கட்டருக்கு மாறாக 1.24 மடங்கு ஏற்றலாம். உள் மூலைக்குக் கட்டரைத் தேர்வு செய்யும்போது "மூலைக்குள் போகிறதா" என்று பார்ப்பது போதாது. மூலை ரேடியஸ் கட்டர் ஆரத்தைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால்தான் அங்கே பாதை சுற்றித் திரும்பும். சமமாக இருந்தால் கட்டர் ஒரு நொடி நின்று திரும்புகிறது, அங்கேதான் தழும்பு விழுகிறது.

படி 3: மேல் விளிம்பு ரேடியஸ் ஃபார்ம் கட்டரில் முடியுமா?

ரேடியஸ் 1, 2, 3, 5 மாதிரியான வழக்கமான அளவுகளுக்குக் கார்னர் ரவுண்டிங் கட்டர் கிடைக்கிறது. கட்டரிலேயே குழிந்த கால் வட்டம் இருக்கும். இப்படி வேண்டிய வடிவத்தையே பல்லில் கொண்டதுதான் ஃபார்ம் கட்டர். விளிம்பைச் சுற்றி ஒரு 2டி கான்டூர், அவ்வளவுதான். பீஸ் எண்ணிக்கை பத்துக்கு மேல் என்றால் நான் முதலில் இதைத்தான் கேட்பேன்.

கணக்கைப் பாருங்கள். நம் பிளேட்டின் சுற்றளவு ஏறக்குறைய 357 மி.மீ. நுனி விட்டம் 6, மொத்த விட்டம் 16 உள்ள ரேடியஸ் 5 கட்டர், 6000 ஆர்பிஎம், 600 ஃபீட், இரண்டு சுற்று. ஒன்றேகால் நிமிடம். இதையே 6 மி.மீ. பால் எண்ட்மில்லை (நுனி அரைக்கோளமாக உள்ள கட்டரை; இனி சுருக்கமாகப் பால்) வைத்து 0.25 மி.மீ. இடைவெளியில் 3டியாக ஓட்டினால், கால் வட்டத்தின் நீளம் 7.85 மி.மீ. என்பதால் 32 சுற்று. 11.4 மீட்டர் பாதை. 1500 ஃபீடிலும் ஏழரை நிமிடம். 200 பீஸ் ஆர்டரில் இந்த வித்தியாசம் இரண்டு ஷிஃப்டைத் தாண்டும்.

கேமில் இந்தக் கட்டரின் ஆரமாக நுனி விட்டத்தின் பாதியைக் கொடுக்க வேண்டும், மொத்த விட்டத்தை அல்ல. நுனியின் இசட், மேல்முகத்திலிருந்து ரேடியஸ் அளவுக்குக் கீழே: இங்கே மைனஸ் 5. ஸ்பீடை மட்டும் பெரிய விட்டத்தை வைத்துக் கணக்கிடுங்கள், ஏனென்றால் சூடாகிற இடம் அதுதான்.

கால் வட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெட்டுவதால் இந்தக் கட்டருக்குச் சுமை அதிகம். சதுர விளிம்பின் முனையிலிருந்து ரேடியஸ் 5 வளைவு வரை இருக்கிற உலோகம் 2.07 மி.மீ. அதை நேராக ஃபார்ம் கட்டரிடம் கொடுக்காமல், முன்னாடி ஒரு 45 டிகிரி சேம்ஃபர் (விளிம்பைச் சாய்வாகச் சீவுவது) ஓட்டிவிடுங்கள். எவ்வளவு சேம்ஃபர்? ரேடியஸை 0.586ஆல் பெருக்கினால் வளைவைச் சரியாகத் தொடுகிற சேம்ஃபரின் கால் அளவு வரும். ரேடியஸ் 5க்கு 2.93. கொஞ்சம் விட்டு 2.7 போடுங்கள். வளைவின் நடுவில் 0.16 மி.மீ. மிஞ்சும், சேம்ஃபரின் இரண்டு முனைகளில் அதிகபட்சமாக 0.5. இரண்டு மி.மீ. உலோகம் அரை மி.மீ. ஆகிவிட்டது. இதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம் கூட இல்லை. ஃபார்ம் கட்டரின் ஆயுள் கூடுவதை ஒரே ஆர்டரில் பார்த்துவிடலாம். இதே சேம்ஃபர் தந்திரம் 3டி பாதைக்கும் பொருந்தும். எந்தக் கட்டராக இருந்தாலும் கடைசிச் சுற்றில் சமமான உலோகம் இருப்பதுதான் ஃபினிஷுக்கு அடிப்படை.

ஃபார்ம் கட்டர் எப்போது வேண்டாம்? ஒன்று இரண்டு பீஸ் மட்டும் என்றால் கட்டர் விலை கட்டாது. ரேடியஸ் 4.3 மாதிரி வழக்கத்தில் இல்லாத அளவென்றால் கிடைக்காது. ரேடியஸ் 10, 12 என்று பெரிதானால் சுமையைச் சின்ன மெஷின் தாங்காமல் சேட்டர் அடிக்கும். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று வந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 4: பாதைக்கு முன் கட்டரை முடிவு செய்யுங்கள்

விளிம்பு ரேடியஸ் என்றதும் கை தானாகப் பால் எண்ட்மில்லுக்குப் போகும். ஒரு நிமிடம் நின்று, கட்டரின் எந்த இடம் உலோகத்தைத் தொடுகிறது என்று பாருங்கள்.

கால் வட்டத்தின் அடியில், சுவரோடு சேரும் இடத்தில், பாலின் பக்கம் தொடுகிறது. அங்கே முழு விட்டமும் வேலை செய்கிறது. மேலே ஏற ஏறத் தொடும் இடம் நுனியை நோக்கி நகர்கிறது. 6 மி.மீ. பால், 10,000 ஆர்பிஎம் என்றால் அடியில் வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 188 மீட்டர். பரப்பு 30 டிகிரி சாய்வாக இருக்கும் இடத்தில் 94 மீட்டர். மேல்முகத்தோடு சேரும் இடத்தில் பூஜ்யம். அங்கே பால் வெட்டுவதில்லை, தேய்க்கிறது. விளிம்பின் மேல்பகுதி மட்டும் மங்கலாக, இழுத்த மாதிரி வருவதற்குக் காரணம் இதுதான். ஸ்டெப் ஓவரை எவ்வளவு குறைத்தாலும் அது போகாது.

இப்போது 10 மி.மீ. விட்டம், மூலை ரேடியஸ் 2 உள்ள புல் நோஸ் கட்டரை (அடி தட்டையாகவும் மூலை வட்டமாகவும் இருப்பது) வைத்துப் பாருங்கள். வெளி விளிம்பில் வேலை செய்வது அதன் மூலை ரேடியஸ் மட்டும்தான். கட்டரின் அச்சு எப்போதும் தொடும் இடத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளி நிற்கிறது. மிகக் குறைந்த வேகம் கூட 6 மி.மீ. விட்டத்தில்: அதே 10,000 ஆர்பிஎம்மில் 188 மீட்டர். அதிகபட்சம் 314. பால் எட்டிய உச்ச வேகம்தான் புல் நோஸின் ஆரம்ப வேகம். தடிமனான கட்டர் என்பதால் அது வளைவதும் குறைவு, ஃபீடும் ஏற்றலாம். வெளி விளிம்பு ரேடியஸுக்கு என் முதல் தேர்வு புல் நோஸ்தான்; அதைப் பலரும் தரையை மட்டும் மில் பண்ணும் கட்டர் என்று நினைத்து ஒதுக்கிவிடுவது வருத்தமான விஷயம்.

சாதா ஃபிளாட் எண்ட்மில் இதற்கு உதவாது. 0.1 மி.மீ. இறக்கத்தில் போட்டாலும் 45 டிகிரியில் 0.07 மி.மீ. உயரப் படிக்கட்டுகள் நிற்கும். ரஃபிங்குக்கு மட்டும் சரி.

கட்டரை முடிவு செய்யும்போதே வைஸையும் பாருங்கள். ரேடியஸ் 5 விளிம்பின் அடியைத் தொட 6 மி.மீ. பாலின் நுனி மேல்முகத்திலிருந்து 8 மி.மீ. கீழே போக வேண்டும். மூலை ரேடியஸ் 2 உள்ள புல் நோஸ் 7 மி.மீ. போகும். 20 மி.மீ. பிளேட்டை வைஸ் தாடையில் 8 மி.மீ. மட்டும் பிடித்தால் 12 வெளியே நிற்கும், தாராளம். 13 மி.மீ. பிடித்தால் பால் நுனி தாடையில் இடிக்கும்.

படி 5: பாதையைத் தேர்ந்தெடுங்கள்

கால் வட்டத்தின் மேல் ஒவ்வொரு பாதையும் எங்கே சறுக்குகிறது என்று தெரிந்தால் தேர்வு தானாக வந்துவிடும்.

கான்ஸ்டன்ட் இசட் கான்டூர், அதாவது வாட்டர்லைன், உயரத்தைச் சம இடைவெளியில் வெட்டுகிறது. செங்குத்தான இடத்தில் அருமையாக வரும். ஆனால் பரப்பு படுக்கப் படுக்க, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் தூரம் விரிகிறது. 0.25 மி.மீ. இறக்கம் கொடுத்திருந்தால், 10 டிகிரி சாய்வில் பரப்பின் மேல் இடைவெளி 1.44 மி.மீ. 6 மி.மீ. பாலுக்கு அங்கே மிஞ்சும் மேடு 0.14 மி.மீ. நகத்தில் வரிசையாகத் தட்டும்.

பாரலல் இதற்குத் தலைகீழ். படுத்த இடத்தில் நன்றாக வரும், சுவரை நெருங்க நெருங்க இடைவெளி விரியும். நம் பிளேட் மாதிரி நான்கு பக்கமும் சுற்றுகிற விளிம்புக்கு இன்னொரு குறையும் உண்டு. இரண்டு பக்கங்களில் பாதை விளிம்போடு சேர்ந்து ஓடும், மற்ற இரண்டில் குறுக்கே ஏறி இறங்கும், மூலைகளில் சாய்வாகக் கடக்கும். ஒரே பீஸில் மூன்று விதமான ஃபினிஷ். வாடிக்கையாளர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாலே தெரியும். விளிம்பு ரேடியஸுக்குப் பாரலலை நான் பரிந்துரைப்பதில்லை.

ஸ்டீப் அண்ட் ஷாலோ இரண்டையும் 45 டிகிரி பக்கம் பிரித்துக்கொள்கிறது. பெரிய மோல்டுகளுக்கு நல்லது. ஒரு சின்ன விளிம்பில் நடுவே சேரும் கோடு தெரியும் என்பதால் இங்கே தேவையில்லை.

ஸ்கேலப், பரப்பின் மேலேயே சம தூரம் விட்டுச் சுற்றுகிறது. இடைவெளி எங்கும் விரியாது. பெரும்பாலான விளிம்புகளுக்குப் பாதுகாப்பான தேர்வு. ஒரே எச்சரிக்கை: மேலிருந்து பார்க்கும்போது மூலைகள் கூர்மையாக இருந்தால், சுற்றுகள் திரும்பும் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு மூலைவிட்டக் கோடு தெரியும். ரேடியஸ் 25 மூலையில் அந்தத் தொல்லை இல்லை.

ஃப்ளோதான் இந்த வேலைக்கென்றே செய்த மாதிரி. ஃபியூஷனில் ஃப்ளோ, மாஸ்டர்கேமில் ஃப்ளோலைன், என்எக்ஸில் ஸ்ட்ரீம்லைன். ஃபில்லட் பரப்பின் சொந்தக் கோடுகளையே பின்பற்றி நீளவாக்கில் ஓடும். திசையை மட்டும் சரிபாருங்கள். சில சமயம் மென்பொருள் குறுக்குத் திசையை எடுத்துக்கொள்ளும். குறுக்கே ஓடினால் இசட் அச்சு ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும், பாதையும் ஃபினிஷும் இரண்டுமே கெடும். நீளவாக்கில் ஓடினால் ஒவ்வொரு சுற்றும் ஒரே இசட்டில் இருக்கும். நேர்கோடும் ஜி02, ஜி03 வில்லுமாக வெளியே வரும். புரோகிராம் சின்னது, மூலை வட்டமாகவே இருக்கும். ஃபில்லட் பல துண்டுப் பரப்புகளாக உடைந்திருந்தால் ஃப்ளோ தடுமாறும். அப்போது ஸ்கேலப்புக்கு வாருங்கள்.

ஓடும் வரிசையும் முக்கியம். மேலிருந்து கீழே இறங்கினால் கட்டரின் நுனி வெட்டுகிறது. கீழிருந்து மேலே ஏறினால் பக்கம் வெட்டுகிறது. பாலை வைத்து வெட்டுவதாக இருந்தால் கீழிருந்து ஏறுங்கள். பக்கச் சுவரையும் மேல்முகத்தையும் முன்னாடியே ஃபினிஷ் செய்துவிட்டு, விளிம்பைக் கடைசியில் எடுங்கள்.

படி 6: ஸ்டெப் ஓவரைக் கணக்குப் போட்டு வையுங்கள்

சமதளத்தில் மேட்டின் உயரம் எளிது: இடைவெளியின் வர்க்கத்தைக் கட்டர் ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் போதும். 6 மி.மீ. பால், 0.25 இடைவெளி என்றால் 0.0026 மி.மீ. ஆனால் வெளி வளைவில் பரப்பே கட்டரிடமிருந்து விலகிப் போவதால் மேடு கூடும். அங்கே கட்டர் ஆரத்தின் தலைகீழியையும் விளிம்பு ரேடியஸின் தலைகீழியையும் கூட்டி, இடைவெளியின் வர்க்கத்தில் எட்டில் ஒரு பங்கால் பெருக்க வேண்டும். ரேடியஸ் 5 விளிம்பில் அதே 0.25க்கு 0.0042 மி.மீ. வருகிறது.

குறுக்கே அளந்தால் ஆர்ஏ (பரப்பின் சராசரிச் சொரசொரப்பு, மைக்ரானில்) மதிப்பு ஏறக்குறைய இந்த உயரத்தில் கால் பங்கு. 4.2 மைக்ரான் மேட்டுக்கு ஆர்ஏ 1.05. டிராயிங்கில் 1.6 கேட்டிருந்தால் கட்டர் அதிர்வுக்கும் ரன் அவுட்டுக்கும் (கட்டர் மையம் விலகிச் சுற்றுவதற்கும்) இடம் விட்டு இது சரி. 3.2 கேட்டிருந்தால் 0.35க்குத் தாராளமாகப் போகலாம். புல் நோஸில் மூலை ரேடியஸைத்தான் ஆரமாக எடுக்க வேண்டும். 2க்கு அதே மேடு வர 0.22 இடைவெளி. சுற்றுகள் 36 ஆகின்றன, ஆனால் 2400 ஃபீடில் ஓட்டினால் ஐந்தரை நிமிடத்துக்குள் முடிகிறது. பாலைவிட இரண்டு நிமிடம் குறைவு, மேல்பகுதி ஃபினிஷும் மேல்.

கேம் இல்லாமல் மேக்ரோ (கன்ட்ரோலரே கணக்குப் போட்டு ஓட்டும் புரோகிராம்) எழுதுகிறவர்களுக்கு ஒரு வழி. கால் வட்டத்தைக் கோணத்தால் பிரியுங்கள். ரேடியஸ் 5க்கு 2.5 டிகிரி என்பது பரப்பில் 0.22 மி.மீ. சுவரிலிருந்து 5 மி.மீ. உள்ளே, ஃபில்லட் மேல்முகத்தைத் தொடும் கோட்டைப் பாதையாக எழுதுங்கள். மூலை ரேடியஸ் 20 ஆகிவிடும். 6 மி.மீ. பாலுக்கு ஒவ்வொரு கோணத்திலும் டி ஆஃப்செட் (பாதையிலிருந்து கட்டர் மையம் விலகி நிற்கும் தூரம்) என்பது 8 பெருக்கல் கோசைன். நுனியின் இசட் என்பது 8 பெருக்கல் சைன், அதிலிருந்து 8 கழித்தது. பூஜ்யம் டிகிரியில் டி 8, இசட் மைனஸ் 8. 45 டிகிரியில் டி 5.657, இசட் மைனஸ் 2.343. 90 டிகிரியில் இரண்டும் பூஜ்யம். ஃபனக் கன்ட்ரோலரில் ஜி10 எல்12 மூலம் டி மதிப்பை ஒவ்வொரு சுற்றுக்கும் மாற்றலாம். சுற்று முடிந்ததும் ஜி40 போட்டு ஆஃப்செட்டை ரத்து செய்து, மறுபடி ஜி41இல் நுழைய வேண்டும். சுவர்க் கோட்டையே பாதையாக எழுதினால் 51 டிகிரிக்கு மேல் டி மைனஸுக்குப் போய்விடும். உள் கோட்டில் எழுதினால் அந்தத் தலைவலி இல்லை. இந்த முறையின் பெரிய லாபம், 3டி வளைவை வெட்டும்போதும் அளவு ஆபரேட்டர் கையிலேயே இருப்பது.

படி 7: உள் ஃபில்லட்

பாக்கெட் தரையில் ரேடியஸ் 3. மூலை ரேடியஸ் 3 உள்ள புல் நோஸ் இருந்தால் சுவரை ஃபினிஷ் செய்யும் 2டி கான்டூரிலேயே ஃபில்லட்டும் வந்துவிடும். ஆனால் ரேடியஸ் 1 வரைதான் இது சரி. அதற்கு மேல் போனால் மூலை முழுவதும் ஒரே நேரத்தில் உலோகத்தைத் தொட்டு, ஆழமான பாக்கெட்டில் சேட்டர் அடிக்கும். அப்போது ஒரு அளவு சின்னதாக, 8 மி.மீ. விட்டம், மூலை ரேடியஸ் 2 எடுத்து, அந்த ஃபில்லட்டில் மட்டும் ஸ்கேலப் ஓட்டுங்கள். உள் வளைவில் தலைகீழிகளைக் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும். அதனால் மேடு சின்னதாகிவிடும்: 0.6 இடைவெளியில் கூட 0.0075 மி.மீ.தான். உள் ஃபில்லட்டுக்கு வெளி விளிம்பின் ஸ்டெப் ஓவரை அப்படியே நகலெடுப்பது நேரத்தை வீணாக்குவது. பெரிய கட்டர் விட்டுப்போன மூலைகளுக்கு மட்டும் பென்சில் (உள் மூலைக் கோட்டின் வழியே ஓடும் பாதை).

படி 8: ஏறி இறங்கும் விளிம்பு

இங்கே 2டி வாய்ப்பு இல்லை. ஃப்ளோ முதலில், அது தடுமாறினால் ஸ்கேலப். கட்டர், இந்த முறை பால். விளிம்பு இறங்குமுகமாகப் போகும்போது புல் நோஸின் தட்டையான அடி பரப்பில் உரசக்கூடும். வெறும் பர் (விளிம்புப் பிசிறு) எடுக்கிற அளவுக்கு 0.3, 0.5 சேம்ஃபர் போதும் என்றால், விளிம்புக் கோட்டின் மேலேயே பாலை வைத்து டிரேஸ் ஓட்டுங்கள். பரப்பு மாடலே தேவையில்லை.

ஐந்து அச்சு இருந்தால் கட்டரை 15 டிகிரி சாய்த்தாலே நுனி விலகி, 6 மி.மீ. பாலுக்கு 1.55 மி.மீ. விட்டமாவது வேலை செய்யும். நேர்கோடுகளால் ஆன பரப்பு என்றால் ஸ்வார்ஃப் முறையில் கட்டரின் பக்கத்தாலேயே ஒரே சுற்றில் வெட்டலாம். மூன்று அச்சில் இதற்கு ஈடாக, பீஸையே சைன் வைஸில் சாய்த்துப் பிடிக்கலாம். அடிப்பக்க விளிம்பைப் பீஸைத் திருப்பாமல் எடுக்க லாலிபாப் கட்டர் (தண்டைவிடப் பெரிய உருண்டைத் தலை உள்ளது).

படி 9: டாலரன்ஸும் கன்ட்ரோலரும்

பாதை சரி, கட்டர் சரி, ஆனாலும் மூலை பட்டைபட்டையாக வருகிறது என்றால் இங்கே பாருங்கள். கேம் வில்லை நேர்கோட்டுத் துண்டுகளாக உடைக்கும்போது, 0.01 டாலரன்ஸில் (அனுமதிக்கும் விலகலில்) ரேடியஸ் 25 மூலை 1.4 மி.மீ. துண்டுகளாகிறது. ஆனடைசிங் முடிந்து பளபளப்பு வந்ததும் அந்தப் பட்டைகள் தெரியும். 0.002க்கு இறக்கினால் துண்டு 0.63 மி.மீ. அதைவிட நல்லது, ஸ்மூத்திங்கை ஆன் செய்து வில்லாகவே வெளியே எடுப்பது. மாடல், முக்கோணத் துண்டுகளால் ஆன எஸ்டிஎல் கோப்பாக வந்திருந்தால் பட்டைகள் மாடலிலேயே இருக்கும். வளைவை வளைவாகவே வைத்திருக்கும் ஸ்டெப் கோப்பு கேட்டு வாங்குங்கள்.

சின்னத் துண்டுகள் நிறைய வந்தால் கன்ட்ரோலர் ஃபீடை இறக்கித் தடுமாறும். ஃபனக்கில் ஜி05.1 க்யூ1, ஹாஸில் ஜி187, சீமென்ஸில் சைக்கிள் 832 போட்டு ஃபினிஷ் முறைக்கு மாற்றுங்கள். வட்டத்தின் நான்கு திசைகளில், அச்சு திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு விழுந்தால் அது டூல்பாத் குற்றம் இல்லை. பேக்லாஷ், அதாவது அச்சு திசை மாறும்போதுள்ள தளர்வு. பால் பார் சோதனை (மெஷினின் வட்ட ஓட்டத்தை அளப்பது) போட்டு மெஷினைச் சரிபார்க்க வேண்டும்.

படி 10: முதல் பீஸில் மார்க்கர் பேனா

கட்டரைப் பிடித்ததும் டயலில் ரன் அவுட் பாருங்கள், 0.01க்குள் இருக்கட்டும். பால் கட்டரின் நிஜ விட்டத்தை அளந்து கேமில் கொடுங்கள். 6 என்று எழுதியது 5.98 இருக்கலாம்.

பக்கச் சுவரும் மேல்முகமும் முடிந்த பிறகு, விளிம்பை ஒட்டி இரண்டு பக்கமும் 5 மி.மீ. அகலத்துக்கு நீல மார்க்கர் பூசுங்கள். கட்டரை இசட்டில் 0.05 தூக்கி வைத்து விளிம்பு புரோகிராமை ஓட்டுங்கள். நிறுத்தி, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மேல்முகத்தை ஒட்டி மெல்லிய நீலக் கோடு நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் மிஞ்சியிருந்தால் செட்டிங் சரி. ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் குறுகலாகவும் இருந்தால் பீஸ் வைஸில் சாய்ந்திருக்கிறது. ஆஃப்செட்டைத் தொடாதீர்கள், பேரலல் பிளாக்கைத் துடைத்துப் பீஸை மறுபடி தட்டி உட்கார வையுங்கள்.

அப்புறம் 0.02, 0.02 என்று இறக்கிக்கொண்டு வாருங்கள். கோடு மறையும் இடத்தில் நிறுத்தி, ரேடியஸ் கேஜ் வைத்துப் பாருங்கள். மேல்முகத்தில் நகம் தட்டும் படி விழுந்திருந்தால் கட்டர் அதிகம் இறங்கிவிட்டது, இசட்டைத் தூக்குங்கள். சுவரின் பக்கம் படி விழுந்திருந்தால் கட்டர் அதிகம் உள்ளே போய்விட்டது. ஃபார்ம் கட்டரிலும் மேக்ரோவிலும் டி ஆஃப்செட்டைக் கூட்டினால் அது தீரும். 3டி பாதையில் மட்டும் கேமுக்குத் திரும்பி, கட்டர் விட்டத்தைத் திருத்தி, புரோகிராமை மறுபடி எடுக்க வேண்டும்.